இரண்டு முயல்களுக்கு ஒரு மொட்டைமாடி

முயல் வியாபாரத்தில் விற்கிற வேலை பத்தே நிமிஷம். விற்ற முயல்களுக்குச் சமாதானம் பேசித்தான் பாதி ஆயுசு போகிறது. ரெண்டு முயலை ஒன்றாக வளர்த்து அவதிப்பட்டவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும். என் கடை வண்ணார்பேட்டையில், பஸ் இரைச்சலுக்கு நடுவில். ஆள் வராத மத்தியானங்களில் புல் வாசனையும் கொறிக்கிற சத்தமும் சேர்ந்து கண்ணைச் சொருகும்.

ஜோடி என்று கொடுத்தது

குட்டி முயலில் ஆண், பெண் கண்டுபிடிப்பது லேசில்லை. தொழில் தொடங்கிய புதிதில், அரைத்தூக்கத்தில் பார்த்துவிட்டு, கங்கைகொண்டானில் வேலை செய்கிற ஒரு தம்பிக்கு ‘அசல் ஜோடி’ என்று கொடுத்தேன். நாலாவது மாசம் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். ரெண்டும் ஆண். பருவம் வந்ததும் துரத்தித் துரத்திக் கடித்து, காதெல்லாம் கிழிசல். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவன் சத்தம்கூடப் போடவில்லை.

“அண்ணாச்சி, குட்டி போட்டா தாரேன்னு தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன். இனி எந்த வழியா நான் வீட்டுக்குப் போக?”

மூலைக்கு மூலை வாசனை

எஸ்தர் டீச்சர் பாளையங்கோட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீனி என்கிற பெண் முயலை என்னிடம்தான் வாங்கினார். போன வைகாசியில் மகனுக்குக் கல்யாணம். திசையன்விளையிலிருந்து வந்த மருமகள் ஜாஸ்மின், தான் வளர்த்த முத்துவையும் கூடையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். அதுவும் பெண்.

டீச்சர் நல்ல எண்ணத்தில் முத்துவைத் தூக்கி நேராகச் சீனியின் கூண்டுக்குள் விட்டிருக்கிறார். செய்யவே கூடாத தப்பு அது! முயல் தாடையால் உரசி உரசி, மூலைக்கு மூலை தன் வாசனையைப் பூசி வைத்திருக்கும். அதற்கு அது பட்டா போட்ட இடம். நிமிஷத்தில் முடி பறந்து, முத்துவுக்கு மூக்கில் கீறல்.

மறுநாள் ரெண்டு பேரும் ரெண்டு கூடையோடு கடைக்கு வந்தார்கள். “புதுசை நீங்களே வச்சுக்கிடுங்க” என்றார் டீச்சர். அந்தப் பிள்ளை கூடையை இறுக்கி அணைத்துக்கொண்டது. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினதும், கண் கலங்கி, பையச் சொன்னது:

“அண்ணாச்சி, அந்த வீட்ல நான் சொல்றதைக் கேக்கதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு.”

புல் மாற்றுகிற வைத்தியம்

ஒரு மாசம் தவணை கேட்டு வாங்கினேன். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கூண்டு. தினமும் இதன் புல்லை அதற்கும், அதன் புல்லை இதற்கும் மாற்றிப் போட வேண்டும். வாசனை பழகினால் பாதிச் சண்டை தீரும். அப்புறம், ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்க விட வேண்டும்.

டீச்சர் வீட்டில் அப்படி ஒரு மூலையும் இல்லை. மருமகள் கழுவின டம்ளரை மாமியார் மறுபடி கழுவி வைக்கிற வீடு அது. அதனால் என் கடை மொட்டைமாடிக்குச் சாயங்காலம் தோறும் ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். முதல் நாள் முயல்கள் பாய்ந்த பாய்ச்சலில் நான் முறத்தை நடுவில் செருகிக்கொண்டு தவழ வேண்டியதாயிற்று. டீச்சருக்கு மூச்சு வாங்கியது.

“இதுக்கு நான் எட்டாம் வகுப்பையே மேய்ச்சிருவேன் அண்ணாச்சி!”

தலையைக் குனிந்தது யார்

மூன்று வாரம் போயிற்று. சாரல் காலம் வந்துவிட்டது. மேற்கே மலையைக் காணவில்லை, மேகம்தான். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நான் அரைக்கண் மூடியிருந்தேன். சீனி மெதுவாக முத்துவின் முன்னால் போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தியது.

“ஐயோ, தோத்துட்டுதே!” என்று பதறினார் டீச்சர்.

“இல்ல டீச்சர், நெத்தியை நக்கிவிடச் சொல்லிக் கேக்குது. பெரும்பாலும் பெரியவதான் இப்படிக் கேப்பா.”

முத்து மூக்கை ஆட்டி ஆட்டி யோசித்தது. பிறகு பைய நக்கியது. கீழே அடிக்கிற பஸ் ஹாரன் எங்கேயோ வேற ஊரில் கேட்பது மாதிரி இருந்தது. சொல்ல என்ன வெட்கம், எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீச்சரின் தலையில் முயல் முடி ஒட்டியிருந்தது. ஜாஸ்மின் எடுக்கக் கை நீட்டிவிட்டு, பயந்து இழுத்துக்கொண்டாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். அப்புறம் அவள் பக்கமாகத் தலையைக் குனிந்தார்.

“எடுத்து விடு பிள்ள. இன்னைக்கு மீன் குழம்பை நீயே வை, நான் அடுப்படிப் பக்கம் வரல.”

முயல்கள் ஏன் அடித்துக்கொள்கின்றன என்று இப்போதெல்லாம் யார் கேட்டாலும், “உங்க வீட்டு அடுப்படி யாருக்குச் சொந்தம்?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.