சிஞ்ஞோராவின் அலுமாரி

இத்தாலியில், பலெர்மோவில் நான் வீட்டுவேலை செய்த எசமானியைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. என்னை "மகள்" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் என் பாஸ்போர்ட்டைத் தன் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். கொழும்பில் அம்மா செத்தபோதும் தரவில்லை. "போனால் திரும்பி வரமாட்டாய்" என்று அழுதார்.

என்னைத் தேற்றத்தான் அடுத்த வாரம் ஓபெரா என்ற பாட்டு நாடகத்துக்குக் கூட்டிப்போனார். கதையை அவரே என் காதுக்குள் சொன்னார். நாட்டைப் பிடித்த தளபதி ஓர் அடிமைப் பெண்ணை உயிராய் நேசிக்கிறான். ஊருக்கு மட்டும் அனுப்பமாட்டான். கடைசியில் அவள் மேடையில் நஞ்சு குடித்துச் சரிந்ததும், செத்தவீட்டில் குழறுவதுபோல எழுந்து குழறி அழுதுவிட்டேன்.

"ஐயோ, அவளை வீட்டை போக விடுங்கோவன்!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. கூனிக்குறுகி உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னனீ?" என்று சிஞ்ஞோரா கேட்டார். இத்தாலியனில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காலையில் என் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் இருந்தது.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். சிஞ்ஞோரா செய்தது பிழைதான். இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் நான் புறப்பட்ட அன்று வழியனுப்ப வாசல்வரை வந்தவர், "திரும்பி வா" என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதனால்தான் திரும்பி வந்தேன்.