பந்து படாத மட்டை

மலையேறப் போகிறவன் யாராவது கிரிக்கெட் மட்டை கொண்டு போவானா? நேற்று இதைத்தான் ஒஃபிஸில் கூட வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தியிடம் கேட்டேன். அவளுடைய ஹைக்கிங் குரூப் இந்த ஞாயிறு எங்கோ ஏறுகிறதாம், என்னையும் வரச் சொல்லி வட்ஸ்அப்பில் போட்டிருந்தாள்: சப்பாத்து, டோர்ச், அட்டைக்குச் சவர்க்காரம். மட்டை வேண்டாமா என்றதற்குச் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். கொடுத்து வைத்தவள்.

சவர்க்காரம் என்றதும் பழைய நவம்பர் மூக்கில் ஏறிவிட்டது. அட்டை கடிக்காமலிருக்கச் சொக்ஸில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, மீன் அடைத்த, நசுங்கின மாலுபாணைச் சாப்பிட்டபடி கண்டி ரோட்டு பஸ்ஸில் போவோம். நாங்கள் என்றால் வெள்ளவத்தையில் நான், கொட்டாஞ்சேனையில் அன்ரன், டியூஷனில் ஒட்டிக்கொண்ட இன்னும் சில வீணாய்ப்போனதுகள். அடை மழையில் எவனாவது மலை ஏறுவானா என்று கேட்பீர்கள். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா இருந்த மாதங்கள் அவை, வேறென்ன செய்ய?

சண்டைக் காலம். தமிழ்ப் பொடியன்கள் கூட்டமாகப் பையும் டோர்ச்சுமாகக் காட்டுப் பக்கம் போனால் அதற்கு ஒரே பெயர்தான்: இயக்க ட்ரெய்னிங். ஆனால் பைக்குள்ளிருந்து ஒரு மட்டை நீட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் டீம். இது அன்ரனின் கண்டுபிடிப்பு. எங்கே போனீர்கள் என்று ஆமிக்காரன் கேட்பான். மேட்ச் என்று அன்ரன் வழுக்குகிற சிங்களத்தில் சொல்வான். வென்றீர்களா என்று அடுத்த கேள்வி வரும். தோற்றோம் என்றுதான் சொல்ல வேண்டும், அது எங்கள் சட்டம். வென்றவனிடம் கதை கேட்பார்கள், தோற்றவனைச் சிரித்துவிட்டு அனுப்புவார்கள். அந்த மட்டையால் நாங்கள் ஒரு பந்துகூட அடித்ததில்லை. மலை உச்சியில் அடித்தால் பந்தை எந்தப் பள்ளத்தில் போய்ப் பொறுக்குவது?

ரூபன் கடைசியாகச் சேர்ந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எங்கள் ஒழுங்கை லொட்ஜ் ஒன்றில் கனடா விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தான். சிங்களம் பூச்சியம். போகிறதுக்குள் ஒரு மலை ஏறிவிட வேண்டும் என்று ஒரே ஆய்க்கினை.

"பனையைவிட உயரமான ஒண்டிலையும் நான் ஏறேல்லையடா."

"கனடாவில ஐஸ்மலை இருக்கு, பொறு மச்சான்," என்றான் அன்ரன். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனோம்.

கடுகண்ணாவைப் பக்கம் ஒரு கல்மலை. மழையில் பாசி பிடித்து ஊறிக் கிடந்தது. ரூபன் நாலு காலில்தான் ஏறினான். வழுக்கினான், விழுந்தான், சிரித்தான், திரும்ப ஏறினான். உச்சியில் மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு, அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று படம் எடுக்கச் சொன்னான்.

திரும்பும்போது, கொழும்புக்குள் நுழைகிற பேலியகொடையில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். மழையோடு மீன் நாற்றம். வழக்கமான கேள்வி, வழக்கமான தோல்வி, வழக்கமான சிரிப்பு. ஏறப் போன நேரம், பின்னால் நின்ற அதிகாரி ரூபனின் காற்சட்டையில் இரத்தத்தைக் கண்டார். சுருட்டச் சொன்னார். இரண்டு முழங்காலும் உரிந்திருந்தன. முழங்கைகளும்தான். ஊர்ந்து ட்ரெய்னிங் எடுத்தவனுக்கும் அந்த இடங்கள்தான் உரியும் என்பது அந்த நாளில் எல்லோருக்கும் தெரியும். கட்ச் பிடிக்கப் பாய்ந்தவன் என்றான் அன்ரன். அதிகாரி அவசரப்படவில்லை. மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில ஒரு பந்தும் பட்ட அடையாளம் இல்லையே, மல்லி," என்றார் சிங்களத்தில், சொந்தத் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி, சத்தம் போடாமல்.

பிறகு அடையாள அட்டைகளைக் கேட்டார்கள். யாழ்ப்பாண விலாசம் ரூபனுடையது மட்டும்தான்.

ஜீப்பில் ஏற்றும்போது அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். "அம்மாட்டச் சொல்லிப்போடாதையுங்கோடா. காலமை வந்திடுவன்."

காலையில் போய்க் கேட்டோம். அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்றார்கள். ஏறி இறங்கின எல்லாப் பொலிஸிலும் அதே பதில். மட்டையை மட்டும் அன்றைக்கே எங்களிடம் தந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் எங்கும் ஏறவில்லை. அன்ரன் பாரிஸில், கூப்பிட்டால் எடுப்பதில்லை. லொட்ஜ் இருந்த இடத்தில் அபார்ட்மென்ட். பேலியகொடையில் இப்போது ஒருவரும் மறிப்பதில்லை, ஹைவே பறக்கிறது. ரூபனின் அம்மா கிளிநொச்சியில், ரோட்டோரக் கொட்டிலில், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் குந்தியிருக்கிற மற்ற அம்மாக்களோடு இருக்கிறார். அவர் கையில் இருக்கிற படத்தில் அவன் தோளில் மட்டை.