பெஞ்சு அதிர்ந்த படம்

பெரம்பலூர் தியேட்டரில் பேய் இன்னும் வரவில்லை. அதற்குள் கம்ப்யூட்டரில் செய்த ஓர் அடித்தொண்டை உறுமல், நாற்காலி வழியாக என் முதுகுத்தண்டில் ஏறிவிட்டது. உட்கார முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அந்த நடுக்கம் என்னை, சின்ன வயதில் படம் பார்த்த அரியலூர்க் கொட்டகையின் இரும்பு பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

தங்கை செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் பேய்ப்படத்தில் கீபோர்டில் வாசித்த உறுமல் கிளம்பினால், எல்லாருக்கும் முன்னால் அவள்தான் துள்ளித் திரும்புவாள். அதனாலேயே அம்மா ஒரு பேய்ப்படம் விடாமல் எங்களை இழுத்துக்கொண்டு போனாள். பீடிப்புகை, வறுத்த கடலை, வேர்வை. அம்மா திரையைப் பார்க்கவே மாட்டாள். செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“பாத்தீங்களா, புள்ளைக்குக் கேக்குது!”

“அடியே, பெஞ்சுதான் அதிருது. மடியில தூக்கி வச்சிப் பாரு,” என்றார் அப்பா.

அம்மா தூக்கி வைத்துக்கொண்டாள். உறுமல் வந்தது. கொட்டகையே அலறியது. செல்வி உள்ளங்கையில் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

அம்மா அப்பா பக்கம் திரும்பவில்லை. அவசர அவசரமாக அவளை மறுபடி பெஞ்சில் இறக்கிவிட்டாள். அடுத்த உறுமலுக்குச் செல்வி துள்ளினாள்.

“கேக்குதுங்க,” என்றாள் அம்மா.