கச்சேரிக் கட்டடத்துக்கு நான் அடித்த நோட்டீஸ்

மலச்சிக்கலுக்கு வைத்தியர் கொடுத்த கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் போட்டேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பழைய கச்சேரிக் கட்டடம் ஞாபகம் வந்தது. கூடவே அந்தக் காலத்துப் பேரூராட்சி ஓவர்சியரும் நினைவில் வந்தார். வயிறு சரியாகுமோ இல்லையோ, வயிற்றெரிச்சல் திரும்பிவிட்டது.

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி, பெயர் எதற்கு? எழுபதுகளின் கடைசியில் அந்தப் பேரூராட்சி ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, ஆரணி ஜாகீர்தார் ஆண்ட காலத்து ஆபீஸ். பேரூராட்சிக்குச் சொந்தம். கோடைதோறும் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் விட்டு இடித்து மாடி விரிசலை அடைப்பார்கள். மழைநாளில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்ட முடியாத நெசவுக்காரர்களுக்கு அதன் நீளமான முன்கூடத்தில் அனுமதி உண்டு. என் அம்மாவின் ஐப்பசிப் பிழைப்பே அந்தக் கூடம்தான்.

அந்த முன்கூடத்தை இடித்துக் கடை கட்ட ஓவர்சியருக்கு ஆசை. நன்றாக இருக்கிற கட்டடத்தை இடிக்க முடியுமா? மராமத்தை நிறுத்தினார். கூடத்து மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் தூம்பைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். தண்ணீர் தேங்கி ஒழுகி, அம்மாவின் பட்டுப்பாவு பாழானது.

"தூம்ப அடைச்சிக்கினு ஒழுவுதுன்னா எப்டிங்க?" என்று கேட்டாள் அம்மா.

"கட்டடமே வுழப்போவுது. ஜல்தி காலி பண்ணு."

அன்றைக்கே அவரை நான் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

'முன்கூடம் அபாயம், உடனே காலி செய்க' என்று எழுதி டைப் அடிக்கக் கொடுத்தார். அதே கட்டடத்தின் பின்கட்டில் அவர்தான் குடும்பத்தோடு குடியிருந்தார். இரண்டுக்கும் ஒரே கதவு எண். முன்கூடம் என்ற வார்த்தையை விட்டுவிட்டுக் கதவு எண்ணை மட்டும் அடித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். போட்டார். தண்டோராவும் போட்டாயிற்று.

"முன்கூடம்னு எழுதிக் குடுத்தனேம்மா?"

"நீங்க கையெழுத்து போட்டதுதாங்க சார்."

கொட்டுகிற மழையில் அவருடைய கட்டிலும் பீரோவும் மாட்டுவண்டியில் நனைந்து போனதை பேரூராட்சி ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். இனித்தது. பொய் சொல்வானேன், இன்றும் இனிக்கிறது.

ஆனால் காகிதம் காகிதம்தான். அதை வைத்துக்கொண்டு மொத்தக் கட்டடத்தையும் இடித்தார்கள். ஒரு சொட்டு ஒழுகாத பின்கட்டுச் சுவரில் கடப்பாரை வளைந்தது. இன்று அங்கே வரிசையாகச் செல்போன் கடைகள்.

அடுத்த ஐப்பசியில், நீட்ட இடமில்லாத பாவை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "பின்கட்டயாவது வுட்டு வெச்சிருக்கலாம். அந்த நோட்டீஸ அடிச்ச கை வெளங்குமா?"

நான் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.