நான்காவது பக்கத்து வலை

ஆண் முயல் செத்ததை நாட்குறிப்பில் எழுதினேன். மே மாதம், மதியம் இரண்டேகால், மொட்டை மாடி. அது மாடிக்குப் போகக் காரணமானவர் யார் என்பதையும் அடுத்த வரியில் எழுதினேன்: வீட்டுக்காரர்.

அவர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். தார்நாகாவில் அந்த இரண்டு வீடுகளும் அவருடையவை. சின்னதில் நாங்கள் வாடகைக்கு. நடுவில் மதில் கிடையாது. நட்டு நிறுத்திய ஷாபாத் பலகைக் கற்கள்தான். கற்களுக்கு அந்தப் பக்கம் அவருடைய புல்தரை. தினமும் குனிந்து கத்தரிக்கோலால் ஓரம் வெட்டுவார்.

மாற்றலாகிப் போன ஒருவர் என் கணவரிடம் முயல் ஜோடியைக் கொடுத்திருந்தார். மாமரத்து நிழலில் பெட்டியில் வைத்திருந்தோம். ஒருநாள் வீட்டுக்காரர் வந்தார். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர்; பேச்சில் தக்காண உருது கலந்திருக்கும்.

"ரெண்டு நாளைக்கு மாடியில வையுங்க மா. சம்பந்தி வீட்ல வர்றாங்க. இந்த வாசனை நக்கோ, வேண்டாம்."

"மே மாசம் சார். வெயில்ல தாங்காது."

"ஈரச் சாக்கு போடுங்க. ஒண்ணும் ஆகாது."

இரண்டாம் நாள் மதியம் ஆண் முயல் செத்துக் கிடந்தது. விஷயத்தைச் சொன்னபோது அவர் செய்தித்தாளிலிருந்து தலையை முழுதாகத் தூக்கவில்லை. "முயல்தானே மா? மார்க்கெட்ல கூடை கூடையா இருக்கு."

"விடுட்டி," என்றார் என் கணவர். திருநெல்வேலிக்காரர், யாரோடும் சண்டை வேண்டாம் அவருக்கு. "நமக்கு ஒண்ணாவது மிஞ்சிச்சுல்லா." மிஞ்சிய பெண் முயலை அன்று முழுவதும் மடியில் வைத்திருந்தார். நான் அந்தப் பேச்சை விடவில்லை.

விருந்தாளிகள் போனபின் வீட்டுக்காரரே இடம் காட்டினார். கல்லை ஒட்டிய மூலையில் கூண்டு கட்டிக்கொள்ளலாம், பார்க்க நீட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீட்டாகக் கட்டினேன். மல்லாபூரில் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பேக்கிங் பெட்டிப் பலகைகள். பழைய இரும்புக் கடையில் துண்டுதுண்டாகக் கிடைத்த வெல்டு மெஷ் கம்பி வலை. கோழி வலை மலிவுதான், ஆனால் முயல் கடித்துவிடும், நாய் கிழித்துவிடும். கூரைக்கு ஒரு பழைய தகரம். சூடு இறங்காமலிருக்க அதற்கு நான்கு அங்குலம் கீழே மடித்த ஃப்ளெக்ஸ் பேனர். படுக்கும் பெட்டி செங்கல் மேல். ஓடும் இடம் வெறும் மண். கம்பித் தரையில் நின்றால் முயலுக்குப் பாதம் புண்ணாகும்.

மண் என்றால் முயல் தோண்டும். அதனால் வலையை ஒன்றேகால் அடி ஆழம் இறக்கி, உள்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும். கடப்பாரை பிடித்து மூன்று பக்கம் அப்படியே செய்தேன். நான்காவது பக்கம் கல். கல்லை ஒட்டிக் கம்பியை இறக்கிப் பார்த்தேன். கல் மண்ணுக்குள் ஒன்பது அங்குலம்தான் இருந்தது. அங்கே ஒன்றும் போடவில்லை. மற்ற பக்கங்களைப் போலவே செங்கல் வரிசை மட்டும் வைத்தேன்.

"சுத்தி முடிச்சிட்டியா?" என்றார் கணவர்.

"முடிச்சிட்டேன்."

மூன்றாம் நாள் பெட்டிக்குப் பின்னால் மண் குவிந்தது. கணவர் ஷிப்டிலிருந்து வருவதற்குள் வாளியில் அள்ளிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டேன். எட்டாம் நாள், கல்லுக்கு அடியில் போன வளைக்குள் கையை விட்டேன். முழங்கை வரை போயும் முடிவு தட்டவில்லை. மழை வேறு தொடங்கி மண் இளகியிருந்தது. வீட்டுக்காரர் வீட்டு கேட் எப்போதும் திறந்தே கிடக்கும், தெரு நாய்கள் வந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். போன வழியே முயல் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள், மாலை ஐந்து நாற்பது. வீட்டுக்காரர் பிரம்பு நாற்காலியைப் புல்லில் போட்டு டீயோடு உட்கார்ந்தார். நாற்காலியின் பின்கால் ஒன்று, வளை குடைந்திருந்த மண்ணுக்குள் மெதுவாக இறங்கியது. அவர் நிமிரப் பார்த்தார், மறுகாலும் இறங்கியது. டீ முழுக்க வெள்ளைப் பைஜாமாவில். இரண்டு செருப்பும் ஆகாயத்தில். சமையலறை ஜன்னலில் நின்று, சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

"ஏட்டி, முயலக் காணும்!"

கணவர் வேலையிலிருந்து வந்து நேராகக் கூண்டுக்குப் போயிருந்தார். ஓடினேன். கேட் திறந்திருந்தது. வெளியே இரண்டு நாய்கள் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. கணவர் வீட்டுக்காரருடைய காரின் அடியில் படுத்துக் கூப்பிட்டார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. வீட்டுக்காரரும் ஈரப் பைஜாமாவோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தேடினார். குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பின்னால் அவர்தான் கண்டுபிடித்தார். துண்டைப் போட்டு மூடித் தூக்கி, கணவர் கையில் கொடுத்தார்.

பிறகு கூண்டருகே போய்ச் செங்கற்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"மூணு பக்கமும் கம்பி ஜாலி பூமிக்குள்ள போகுது. என் பக்கம் மட்டும் கைக்கு இல்ல, ஏன்?"

"மறந்துட்டேன் சார்."

"நீங்களா? மோட்டார் போட்டா டேங்க் ரொம்ப எத்தனை நிமிஷம்னு சுவத்துல எழுதி ஒட்டினவங்க நீங்க. மறப்பீங்களா?" சிரித்தார். திட்டியிருக்கலாம். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கணவர் சிரிக்கவில்லை. "அது வெளிய போயிரும்னு ஒனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு இவரு என்ன சொன்னாருன்னா..."

"நான் அவரக் கேக்கல."

"தெரியும்," என்றேன்.

மறுநாள் கணவர் விடுப்புப் போட்டு நான்காவது பக்கத்தைத் தானே தோண்டினார். ஒன்றரை அடி, நான் தோண்டியதைவிட ஆழம். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் உட்கார்ந்து வலையைப் பிடித்துக்கொண்டார். இடுப்பு வலிக்கு எந்தத் தைலம் கேட்கும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீ கொண்டுபோனேன். இரண்டு டம்ளரையும் கணவரே வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் கொத்தமல்லித் தண்டோடு போனபோது கூண்டில் பூட்டுத் தொங்கியது. சாவி கணவர் சட்டைப் பையில்.

"குடு, நான் வச்சிக்கிடுதேன்," என்று தண்டை வாங்கிக்கொண்டார்.

நாற்காலி இறங்கிய குழியை வீட்டுக்காரர் மூடிவிட்டார். அதன்மேல் இன்னும் புல் பிடிக்கவில்லை. தினமும் ஜன்னலிலிருந்து அந்த இடத்தைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கூண்டுப் பக்கம் பார்ப்பதில்லை.