வெடிக்காத வெடிக்கு நான் கொடுத்த பாராட்டு

காதில் செருகும் அந்த இரண்டு பட்டாணிகளைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால், ஏழாயிரம்பண்ணைப் பொட்டலில் கட்டிப்போட்டுச் சரவெடி கொளுத்துவேன். பக்கத்தில் என்னையும் கட்ட வேண்டும் என்பது வேறு விஷயம்.

பட்டாசு கம்பெனியில் எனக்கு மாதிரி வெடி பார்க்கும் வேலை. புதுக் கலவையில் செய்த வெடியைப் பொட்டலில் கொளுத்துவார்கள். சத்தம் கணீரென்று இருக்கிறதா, பொத்தென்று விழுகிறதா என்று நான் சொல்ல வேண்டும். காதை மூடக் கம்பெனி கொடுத்த கனத்த உறையை மாட்டினால் வண்டிமாடு மாதிரி இருப்பேன் என்று அதை ஆணியில் தொங்கவிட்டேன். பதிலுக்கு இயர்போனைச் செருகி, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தேன். பாட்டு வெடியை அமுக்கிவிடும் என்பது என் விஞ்ஞானம். அப்புறம் வெடிச் சத்தம் எப்படித் தெரியும் என்று கேட்டவர்களிடம், நான் நெஞ்சால் கேட்கிறவன் என்று பீற்றினேன்.

காது அரித்தால், தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கொண்டுவந்த, மருந்து முக்காத வெறுங்குச்சியால் குடைவேன். இயர்போனை வேன் டிரைவருக்கு இரவல் கொடுப்பேன். அவர் காதில் சீழ் வடிவது ஊருக்கே தெரியும். திரும்பி வந்ததும் வேட்டியில் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான் சுத்தம்.

ஒருநாள் காலை, மூன்றாவது வெடி. நெஞ்சில் தொம்மென்று இறங்கியது. மேனேஜரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, அருமை அண்ணாச்சி என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மேனேஜர் வந்து என் காதில் இருந்ததைப் பிடுங்கினார்.

"ஏலே, அது வெடிக்கவே இல்ல. திரி அணைஞ்சு அங்கன கெடக்கு. பாட்டுல அடிச்ச மேளத்துக்கா மார்க் போட்டே?"

பிடுங்கிய பிறகும் வலது காது திறக்கவில்லை. உள்ளே திரி எரிவது போல உஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும். காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சீட்டு கொண்டு வா, இல்லாவிட்டால் லேபிள் ஒட்டப் போ என்றார் மேனேஜர். இருபது வருடமாக இந்தக் காதை வைத்துத்தான் சோறு தின்கிறேன்.

விருதுநகர் பஸ்ஸில் ஏறியதுமே செவிடனாக வாழத் தொடங்கிவிட்டேன். கண்டக்டரின் உதட்டைப் படிக்கப் பழகினேன். அந்த ஆள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஆமத்தூர் தாண்டுவதற்குள் மனைவிக்கு போன் செய்து, இனி உன் பேச்சைக் கேட்க முடியாதே என்று அழுதேன்.

"இதுவரைக்கும் கேட்டீகளாக்கும்" என்றாள். நல்ல காதில் துல்லியமாக விழுந்தது.

காது டாக்டரம்மா கறுப்பாக ஓர் அழுக்கு உருண்டையை எடுத்தார். அதற்குள் ஒடிந்த குச்சி நுனி. சுற்றிலும் புண் வேறு.

"அழுக்கு தானா வெளிய வரும். நீங்க குச்சியால உள்ள தள்ளி, இயர்போனை வச்சு அடைச்சிருக்கீக."

காது திறந்தது. உஸ் நிற்கவில்லை.

"அது அழுக்கு இல்ல. வெடியும் பாட்டும் சேர்ந்து தின்னது. போனது வராது, இருக்கிறதக் காப்பாத்துங்க."

சீட்டிலும் அதைத்தான் எழுதினார்: உறை இல்லாமல் பொட்டலில் நிற்கக் கூடாது, பாட்டு பாதிச் சத்தத்துக்கு மேல் போகக் கூடாது, அடுத்தவர் காதில் போட்டதைப் போடக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதுவது போல எழுதியிருந்தார். வயிற்றெரிச்சலோடு மடித்து வைத்துக்கொண்டேன்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, இந்த சீசன் மட்டும் பார்ப்போம் என்றார். ஆணியில் கிடந்த உறைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைக் குடைய என் கை வெறுங்குச்சியைத் தேடியது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். குச்சியை எறிந்துவிட்டு விரலால் சுரண்டினேன்.

உறையை மாட்டிக்கொண்டு நின்றேன். முதல் வெடியின் சத்தம் சின்னதாக, ஆனால் தனியாகப் பிரிந்து கேட்டது. பொத்துதான் அண்ணாச்சி என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார், சிரிக்காமல்.