எந்த வயிறு?

யுத்தத்துக்கு முந்தின காலம். எங்கள் ராசிபுரம் ஆஸ்பத்திரியில் வயிற்றுவலி மிக்ஸர் அடிக்கடி தீர்ந்துபோனதற்குப் பாதிக் காரணம் ராசாத்தி. நெசவுக்காரர் வீட்டு மருமகள். வயது இருபத்துநாலு, கல்யாணமாகி இரண்டு வருடம். வாரம் தவறாமல் வந்து "வயித்து வலிங்க" என்பாள். கம்பவுண்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பார். அன்று அவர் லீவு. நர்ஸாக இருந்த என் மேசையில் காலி பாட்டிலை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"இந்தத் தடவையாச்சும் நல்ல மருந்தாக் குடுங்க நர்ஸம்மா. தை பொறந்தா என்னை எங்கம்மா ஊட்டுக்கே அனுப்பிப்போட்டு அவருக்கு வேற பொண்ணுப் பாக்கறாங்களாமா."

வயிற்றுவலிக்கா பெண்டாட்டியை மாற்றுவார்கள்? எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "எப்பக் கண்ணு வலிக்குது? சாப்பிட்டாலா, பசிச்சாலா?"

"அவரு சேலை குடுக்கச் சேலத்துக்குப் போயி ராத்தங்கினா வலிக்கறதில்லீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தொப்புளுக்குக் கீழே இருப்பதெல்லாம் வயிறுதான். வேறு பேர் சொல்ல நாக்கு எழாது. பாவம், கம்பவுண்டர் ஓமத்தைக் கலக்கிக் கலக்கிக் கொடுத்திருக்கிறார்!

கதவைச் சாத்திச் சோதித்தேன். புண் இல்லை, சீழ் இல்லை. பயத்தில் தசை இறுகிக் கிடந்தது, அவ்வளவுதான். கைக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "ஐயோ சாமி!" என்று முகத்தை மூடிக்கொண்டவள், கொஞ்ச நேரத்தில் விரலிடுக்கில் பார்த்தாள். சிறுநீர் வரும் வழி வேறு, பிள்ளை வரும் வழி வேறு என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. மேலே மொக்குப்போல் இருப்பதைக் காட்டி, "இதுக்கும் பிள்ளை பெக்கறதுக்கும் சம்பந்தமில்லை. உன் சுகத்துக்குன்னே இருக்குது" என்றேன்.

"எனக்குன்னேங்களா?"

"உனக்குன்னேதான்."

"அந்த ஊட்டுல எனக்குன்னு ஒரு சொம்புகூட இல்லீங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் என் செல்லம்.

மறுநாள் அவள் புருஷனை வரவழைத்தேன். நல்ல மனிதர், வாய்தான் திறக்கமாட்டார். "பாவு நூலை நீட்டின கையோட தறியில ஏத்தி நெய்வீங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க? கஞ்சி போட்டுப் பதமாக்காட்டி இழை அத்துப்போயிருமுங்களே."

"உங்க ஊட்டுக்காரியும் அப்படித்தானுங்க. அவளா மனசும் உடம்பும் பதமாகி, சரிங்கற வரைக்கும் பொறுங்க. எது புடிக்குதுன்னு அவளையே கேளுங்க."

"அவளுக்கு வலிச்சுதுன்னு தெரியாதுங்க. என்னையப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க" என்றார். வேறு பெண் வேண்டாமென்று அன்றைக்கே தாயாரிடம் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு, வயிற்றுவலி என்று வந்த பெண்ணுக்குக் கதவைச் சாத்தி, "எந்த வயிறு?" என்று கேட்காமல் நான் மருந்து கொடுத்ததில்லை. புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் நீங்களும் கேளுங்கள்.

பங்குனியில் ராசாத்தி பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"இப்ப எப்படியிருக்குது கண்ணு?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள். "வலியே இல்லீங்க. அவரு சேலத்துல ராத்தங்கற அன்னிக்கித்தானுங்க கஷ்டமா இருக்குது."